முட்டைக் கணக்கும் வராத சீதனமும்

1475 நவம்பரில் பவேரியாவின் லாண்ட்ஸ்ஹூட் நகரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு 1,94,345 முட்டைகள் செலவாயின. கூடவே 40,000 கோழி, 11,500 வாத்து, 323 மாடு. மொத்தச் செலவு 60,766 குல்டன், 73 பென்னிக். இதையெல்லாம் எழுதிவைத்தவர் ஹன்ஸ் சைபோல்ட், சேலிகென்டால் கன்னியர் மடத்தின் எழுத்தர். கல்யாணம் முடிந்து ஏழு ஆண்டு கழித்து, 1482இல், நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். மணப்பெண் போலந்து அரசர் நான்காம் கசிமியெஷின் மூத்த மகள் யாட்விகா, வயது 18. மணமகன் லாண்ட்ஸ்ஹூட் கோமகனின் மகன் கியோர்க், வயது 20. ஊர்வலமும் உடையும் விருந்தும் அக்கால எழுத்தர்களின் கண்ணில் பட்டன. மணப்பெண்ணின் மனத்தை எழுதுவது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

இடைக்காலப் போலந்தின் இளவரசிகளைப் பற்றிய ஆய்வு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வெற்றிடத்தைச் சுற்றித்தான் வருகிறது. சிலர் அதைக் கதையால் நிரப்பினார்கள். சிலர் வம்சாவளிக் கட்டங்களால் நிரப்பினார்கள். கடைசி முப்பது ஆண்டுகளில்தான் சிலர் கணக்கேடுகளைப் பொறுமையாகப் புரட்டத் தொடங்கினார்கள். யாட்விகாவை வைத்துப் பார்த்தால் இந்த மூன்று வழிகளின் பலமும் பலவீனமும் நன்றாகத் தெரியும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. போலந்து வரலாற்றில் யாட்விகா என்றதும் நினைவுக்கு வருபவர் வேறொருவர்: 1384இல் ‘அரசர்’ என்ற பட்டத்துடனேயே முடிசூடி, 1997இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருக்கும் முன்னால் சைலேசியாவின் புனித யாட்விகா இருக்கிறார். அவர் பவேரியாவின் ஆண்டெக்ஸ் குடும்பத்தில் பிறந்து, சைலேசியக் கோமகன் ‘தாடிக்கார’ ஹென்ரிக்கை மணந்து கிழக்கே வந்தவர். 1243இல் இறந்த அவரை 1267இல் திருச்சபை புனிதராக்கியது. அந்தப் பெயர் மேற்கிலிருந்து கிழக்கே போனது இப்படி. நம் யாட்விகா அதே பெயரோடு கிழக்கிலிருந்து பவேரியாவுக்குத் திரும்பிப் போனார். அங்கே அவரை ஹெட்விக் என்றார்கள். இந்த இரட்டைப் பெயர் அற்பமான விஷயம் அல்ல. போலந்து நூல்களில் யாட்விகா எல்லையைத் தாண்டியதும் காணாமல் போகிறார். ஜெர்மன் நூல்களில் ஹெட்விக் எல்லையைத் தாண்டிய பிறகே பிறக்கிறார். இரண்டையும் ஒரே ஆளாகப் படிக்கும் பழக்கம் வெகு தாமதமாகத்தான் வந்தது.

துறையின் அடித்தளம் வம்சாவளி ஆய்வு. போலந்தின் முதல் அரச குடும்பமான பியாஸ்ட்களைப் பற்றி ஆஸ்வால்ட் பால்ட்ஸெர் 1895இல் வெளியிட்ட வம்சாவளியும், அதைத் திருத்தி எழுதிய கசிமியெஷ் யாசின்ஸ்கியின் நூலும் (1992) இல்லாமல் யாரும் ஓரடி நகர முடியாது. ஆனால் அந்தக் கட்டங்களில் பெண்கள் பெரும்பாலும் ஒரு கோட்டின் முனை. பத்தாம் நூற்றாண்டில் போலந்தை ஆண்ட முதலாம் மியெஷ்கோவின் மகள் ஒருத்தி டென்மார்க் அரசர் ஸ்வெய்னுக்கு மனைவியாகி, இங்கிலாந்தை ஆண்ட கனூட்டைப் பெற்றாள். அந்தக் காலத்துக்கு நெருங்கிய வரலாற்றாளர் தீட்மர் அவள் பெயரைச் சொல்லவில்லை. ‘ஸ்வியென்டோஸ்வாவா’ என்று இன்று நாவல்களில் உலவும் பெயரே ஓர் ஊகம். வின்செஸ்டர் மடத்தின் நினைவேட்டில் கனூட்டின் சகோதரி ஒருத்தி ‘சாண்ட்ஸ்லாவே’ என்று பதிவாகியிருக்கிறாள். அந்தப் பெயரைத் தாய்க்கும் பொருத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஐந்நூறு ஆண்டு கழித்து வந்த யாட்விகாவுக்கோ பிறந்த நாள்கூட உண்டு: 1457 செப்டம்பர் 21, கிராக்கோவ். பெயரில்லாத அரசியிலிருந்து முட்டைக் கணக்குவரை சான்றுகள் பெருகிவிட்டன. பெண்ணைப் பற்றிய அறிவும் அதே அளவுக்குப் பெருகியதா என்று கேட்டால் தயங்கத்தான் வேண்டியிருக்கிறது.

கசிமியெஷுக்கும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து எலிசபெத்துக்கும் பதின்மூன்று குழந்தைகள். மகன்களில் நால்வர் அரசரானார்கள். மகள்களைக் கட்டிக்கொடுத்த இடங்களை வரைபடத்தில் குறித்தால் அவருடைய யாகியெல்லோன் வம்சத்தின் வெளியுறவுக் கொள்கையே வரிசையாக நிற்கும்: பவேரியா, பிராண்டன்பர்க், பொமரேனியா, சாக்சனி, சைலேசியா. மூத்தவர் என்பதால் யாட்விகாவின் சம்பந்தம்தான் வெள்ளோட்டம். அவரை முதலில் பெண் கேட்டவர் ஹங்கேரி அரசர் மத்தியாஸ் கொர்வினுஸ். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. பிறகு 1471இல் யாட்விகாவின் அண்ணன் விளாடிஸ்வாவ் போஹேமிய அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட, அந்த முடிக்கு உரிமை கோரிய மத்தியாஸ் நேரடிப் பகைவரானார். பவேரியா போஹேமியாவின் மேற்கு எல்லையில் இருப்பதால், அங்கே ஒரு சம்பந்தி வீடு அமைவது போலந்துக்குத் தேவையாயிற்று. லாண்ட்ஸ்ஹூட்டின் கோமகன்களுக்கோ உப்பாலும் சுரங்கத்தாலும் குவிந்த பணம் இருந்தது. ‘செல்வந்தர்’ என்பது மூன்று தலைமுறையாக அவர்களுடைய அடைமொழி. இல்லாதது அரச ரத்தம். 1474 டிசம்பர் இறுதியில் ராடோம் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சீதனம் 32,000 ஹங்கேரியத் தங்க நாணயம். ஐந்து ஆண்டுகளில் தவணையாகக் கொடுப்பதாக உறுதி. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறு ஆண்டு அக்டோபரில் பெண் புறப்பட்டார். போஸ்னன், விட்டன்பெர்க் வழியாக வடக்கே சுற்றிக்கொண்டு போன பயணம் அது. சைலேசியா மத்தியாஸின் பிடியில் இருந்ததை நினைத்தால், அந்தச் சுற்றுவழிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. நவம்பர் 14 அன்று லாண்ட்ஸ்ஹூட்டின் புனித மார்ட்டின் தேவாலயத்தில் சால்ஸ்பர்க் பேராயர் திருமணத்தை நடத்திவைத்தார். அந்தத் தேவாலயத்தின் உயர்ந்த செங்கல் கோபுரம் அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. பேரரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் நேரில் வந்து மணப்பெண்ணோடு நடனமாடினார். அவருடைய மகன், 16 வயது மாக்ஸிமிலியனும் விருந்தில் இருந்தான். அந்த நாட்களில் ஊரில் சாப்பாட்டுக்கு யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்பது கோமகனின் ஆணை. ஊரே அரண்மனைச் சமையலில் பந்தி உட்கார்ந்தது. முட்டைக் கணக்கு ஆறு இலக்கத்தைத் தொட்டதில் வியப்பில்லை.

பிற்காலம் யாட்விகாவை இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டது. ஒருவர் மகிழ்ச்சியான மணப்பெண். 1880களில் லாண்ட்ஸ்ஹூட் நகரமன்றத்தின் பெரிய கூடத்துச் சுவர்களில் அந்தத் திருமண ஊர்வலத்தைத் தீட்டினார்கள். அந்த ஓவியங்களைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதை நடித்தே காட்டினால் என்ன என்று தோன்றியது. 1902இல் ஒரு சங்கம் அமைத்து, 1903இல் முதல் ஊர்வலத்தை நடத்தினார்கள். இப்போது நான்கு ஆண்டுக்கொருமுறை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதினைந்தாம் நூற்றாண்டு உடையணிந்து வீதியில் இறங்குகிறார்கள். பொய்முடி வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் திருவிழா ஆண்டில் அவ்வூர் ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள். இதைக் கேலி செய்யும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மூல ஏடுகளைத் தேடி அச்சிடும் ஆர்வத்துக்கு அந்தத் திருவிழாவே பெரிய காரணம். தாமஸ் அலெக்ஸாண்டர் பவுவர் 2008இல் அந்தத் திருமணம் பற்றிய மூலக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்து வெளியிட்ட நூல் அந்த மண்ணில்தான் விளைய முடியும். என் குறை வேறு. திருவிழாவில் பெண் ஒவ்வொரு முறையும் வந்து சேர்கிறாள்; அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றுமே நடப்பதில்லை.

அந்தப் பிற்பகுதியை இரண்டாவது யாட்விகா எடுத்துக்கொண்டார்: கணவனால் ஒதுக்கப்பட்டு, புர்க்ஹவுசன் கோட்டையில் தனிமையில் வாடிய சோகக் கோமகள். கதைக்குத் தோதான இடம் அது. ஒரு குன்றின் முதுகில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கோட்டை, கீழே சால்ஸாக் ஆறு. கியோர்க் இருந்தது லாண்ட்ஸ்ஹூட்டில்; மனைவி இங்கே. பிறந்த மகன்கள் எவரும் தந்தைக்குப் பின் நிலைக்கவில்லை. எலிசபெத், மார்கரெத் என இரண்டு பெண்கள் மட்டுமே வளர்ந்தார்கள். 1502 பிப்ரவரி 18 அன்று யாட்விகா புர்க்ஹவுசனில் இறந்தபோது பக்கத்து ராய்ட்டன்ஹாஸ்லாக் மடத்தில் அடக்கம் செய்தார்கள். கணவனின் கல்லறையோ லாண்ட்ஸ்ஹூட்டின் சேலிகென்டால் மடத்தில். ஆண் வாரிசு இல்லை, வீடு வேறு, கல்லறை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இந்தக் கதையைக் கலைத்தவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். உள்ளூர் வரலாற்றை எழுதிய யோஹான் டோர்னர். கோமகளின் அரசவையையும் புர்க்ஹவுசன் கோட்டையின் அன்றாட வாழ்வையும் பதினைந்தாம் நூற்றாண்டு மூல ஆவணங்களைக் கொண்டு அவர் எழுதிய நூல் 2002இல் வந்தது. அதைப் படித்த பிறகு ‘சிறை’ என்ற சொல்லைப் பயன்படுத்துவது கடினம். யாட்விகாவுக்கென்று முழு அரசவை இருந்தது. புர்க்ஹவுசன் அந்தக் குடும்பத்தின் இரண்டாவது தலைநகரம். அவர்களுடைய கருவூலமே அங்கேதான் இருந்தது. துருக்கியர் வரக்கூடும் என்ற அச்சத்தில் கியோர்க் பெரும் பணம் செலவிட்டு அந்தக் கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தார். வேண்டாத மனைவியைத் தள்ளிவைக்க யாரும் தன் பணப்பெட்டி இருக்கும் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. இன்னொன்று: கியோர்க்கின் தாய், சாக்சனியின் அமாலியாவும் 1463 முதல் கணவனைப் பிரிந்து அங்கேதான் இருந்தார். அதாவது மாமியார் இருந்த இடத்தில் மருமகள் இருந்தார். அந்த வீட்டுப் பெண்களின் வழக்கம் அது.

ஆனாலும் இந்தத் திருத்தத்தை அளவுக்கு மீறிக் கொண்டாடவும் நான் தயாராக இல்லை. வழக்கம் என்று நிரூபித்துவிட்டால் வருத்தம் இல்லை என்று ஆகிவிடுமா? மாமியாரும் தனியாகத்தான் இருந்தார் என்பதை ஆறுதலாகவும் படிக்கலாம், இரண்டு தலைமுறைத் தனிமையாகவும் படிக்கலாம். கணக்கேடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற எச்சரிக்கை டோர்னரிடம் இருக்கிறது. அவரை மேற்கோள் காட்டும் சுற்றுலாக் கையேடுகளில் இல்லை.

தேச எல்லைகளைத் தாண்டி இந்த வம்சத்தை ஒன்றாகப் பார்க்கும் முயற்சியும் இதே காலகட்டத்தில் வலுத்தது. மால்கோஜாதா துச்மாலின் யாகியெல்லோன் வாழ்க்கை வரலாற்று அகராதி (1996) மகள்களுக்கும் மகன்களைப் போலவே இடம் கொடுத்தது. ஆக்ஸ்போர்டில் நடாலியா நோவாகோவ்ஸ்கா 2013 முதல் 2018 வரை நடத்திய திட்டம், அந்த வம்சத்தை ஒவ்வொரு நாடும் எப்படி நினைவில் வைத்தது என்பதையே ஆய்வுப் பொருளாக்கியது. ஆனாலும் இந்தப் பெரிய பார்வைகளில் சகோதரிகள் ‘வலைப்பின்னல்’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடும் ஆபத்து உண்டு. வலையின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வீட்டில் போய் வாழ்ந்த பெண்.

அந்த வாழ்வு எதில் முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் வாரிசு இல்லாத கியோர்க், 1496இல் எழுதிய உயிலில் நாட்டை மகள் எலிசபெத்துக்கு வைத்தார்; 1499இல் அவரைப் பலட்டினேட் இளவரசன் ரூப்ரெக்ட்டுக்கு மணமுடித்தார். குடும்ப ஒப்பந்தப்படி நாடு மியூனிக் பங்காளிகளுக்குப் போயிருக்க வேண்டும். கியோர்க் 1503 டிசம்பரில் இறந்ததும் போர் மூண்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ரூப்ரெக்ட்டும், செப்டம்பரில் எலிசபெத்தும் நோயில் இறந்தார்கள். 1505இல் கொலோனில் தீர்ப்புச் சொன்னவர் மாக்ஸிமிலியன், முப்பது ஆண்டு முன்பு அந்தக் கல்யாணத்தில் விருந்துண்ட அதே பையன். லாண்ட்ஸ்ஹூட் என்ற நாடு மறைந்தது. நடுவர் கூலியாக குஃப்ஸ்டைன், கிட்ஸ்பியூல், ராட்டன்பெர்க் பகுதிகளை மாக்ஸிமிலியன் தானே எடுத்துக்கொண்டார். யாட்விகாவின் பேரப் பிள்ளைகள் ஓட்ஹைன்ரிக், பிலிப் இருவருக்கும் நொய்பர்க்கைத் தலைநகராகக் கொண்டு ஒரு சிறு நாடு ஒதுக்கப்பட்டது.

ஓட்ஹைன்ரிக் பிறந்தது 1502 ஏப்ரலில், பாட்டி இறந்து இரண்டு மாதம் ஆகுமுன். கட்டடங்களிலும் நூல்களிலும் ஆசை கொண்டவர். அதனால் தீராத கடனாளி. பழைய பத்திரங்களைப் புரட்டியபோது ராடோம் ஒப்பந்தம் கைக்குக் கிடைத்தது. ஐந்து ஆண்டில் தருவதாகச் சொன்ன 32,000 இன்னும் வந்துசேரவில்லை. 1536 குளிர்காலத்தில் நொய்பர்க்கிலிருந்து கிளம்பி, பிராக் வழியாகக் கிராக்கோவுக்குப் போனார். அங்கே அரியணையில் இருந்தவர் யாட்விகாவின் தம்பி ஜிக்மூண்ட். அக்கா புறப்பட்டபோது எட்டு வயது, இப்போது எழுபது. அறுபது ஆண்டு வட்டியோடு கேட்ட பேரனுக்கு வட்டி இல்லாமல் முதல் மட்டும் கிடைத்தது.

போகும் வழியிலும் வரும் வழியிலும் கண்ட ஊர்களை ஓர் ஓவியரைக் கொண்டு வரையவைத்திருந்தார் ஓட்ஹைன்ரிக். ஐம்பது காட்சிகள். அவற்றை அங்கெலிகா மார்ஷும் அவருடன் பணியாற்றியவர்களும் பதிப்பித்து 2001இல் வெளியிட்டார்கள். மூலம் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. யாட்விகா பதினெட்டு வயதில் விட்டுப்போன கிராக்கோவும் அதில் உண்டு.