'எஸ்ட்' என்னும் சிறு சொல்

இலத்தீன் பயில முற்படும் இறையியல் மாணவர் முதல் நாளிலேயே சந்திக்கும் வினைச்சொல் 'எஸ்ஸெ'. அதன் நிகழ்காலப் படர்க்கை ஒருமை வடிவம் 'எஸ்ட்'. டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் ஹான்ஸ் ஏர்பெர்க் 1955-இல் முதன்முதலாக வெளியிட்ட பாடநூல், மொழிபெயர்ப்பின் துணையின்றி, இலத்தீனை இலத்தீனாலேயே கற்பிக்கிறது. 35 அதிகாரங்கள் கொண்ட அதன் முதற்பாகம், நகரங்களும் ஆறுகளும் எங்கே உள்ளன என்று கூறும் எளிய வாக்கியங்களில் தொடங்கி, ஓர் உரோமைக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கைக்குள் மாணவரை அழைத்துச் செல்கிறது. இம்முறை நம் இறையியல் மாணவர்க்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இதன் நன்மை வெளிப்படை. வினைவிகற்ப அட்டவணையை மனனம் செய்தவர் அதை விரைவில் மறக்கிறார். வாக்கியத்தில் பலமுறை கண்ட சொல்லை மறப்பதில்லை. ஆயினும் தமிழ் மாணவர்க்கு ஒரு சிக்கல் எஞ்சுகிறது. மூன்று எளிய வாக்கியங்களை நாமே அமைத்துப் பார்ப்போம். 'பாத்தெர் இன் ஹோர்த்தோ எஸ்ட்': தகப்பனார் தோட்டத்தில் இருக்கிறார். 'பாத்தெர் அக்ரிகோலா எஸ்ட்': தகப்பனார் உழவர். 'மிஹி பிலியுஸ் எஸ்ட்': எனக்கு ஒரு மகன் உண்டு. முதலாவதில் 'எஸ்ட்' என்பதற்கு 'இருக்கிறார்' என்கிறோம். மூன்றாவதில் 'உண்டு' என்கிறோம். இரண்டாவதிலோ தமிழில் வினையே வேண்டியதில்லை. மூன்றாம் வாக்கியத்தின் அமைப்பு ஆங்கிலம் வழியாகக் கற்பவர்க்குப் புதுமை. நமக்கோ நம் நான்காம் வேற்றுமை வழக்கே அது. மொழிபெயர்ப்பை முற்றும் விலக்கும் முறை இவ்வேறுபாட்டையும் ஒற்றுமையையும் மாணவர் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. இதுவே அம்முறையின் குறை.

இது வெறும் இலக்கண நுட்பமன்று. 1529 அக்டோபரில் எஸ்ஸெ நாட்டுக் கோமகன் பிலிப்பு மார்பர்க்கில் கூட்டிய உரையாடலில், லூத்தரும் சுவிங்கிலியும் பதினைந்து கூறுகளில் பதினான்கில் இசைந்தனர். திருவிருந்தைப் பற்றிய இறுதிக் கூறில், அப்பத்திலும் இரசத்திலும் ஆண்டவரின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே உள்ளனவா என்னும் ஒன்றில் மட்டும் பிரிந்தனர். திருவிருந்து நிறுவிய சொற்களைச் சுண்ணத்தால் மேசைமேல் எழுதிவைத்த லூத்தர், 'எஸ்ட்' என்பதை உள்ளபடியே கொள்ளவேண்டும் என்றார். சுவிங்கிலியோ அதற்குக் 'குறிக்கிறது' என்று பொருள் கொண்டார். அவ்விளக்கத்தை முன்வைத்த ஊன் என்னும் ஒல்லாந்தரின் கடிதத்தை 1525-இல் அச்சிட்டவரும் அவரே.

இவ்வழக்கை அன்றாட வாக்கியங்கள் தீர்க்குமா? படத்தைக் காட்டி 'இது என் தாயார்' என்கிறோம்; அங்கே 'குறிக்கிறது' என்பதே பொருள். ஆட்டு மந்தையைக் காட்டி 'இது என் சொத்து' என்கிறோம். அங்கே சொன்னபடியே பொருள். வாக்கிய அமைப்பு ஒன்றே. சொல்பவர், காட்டப்படும் பொருள், சூழல் ஆகியவையே கருத்தைத் தீர்மானிக்கின்றன. அன்றியும், ஆண்டவர் பேசிய அரமாயிக்கில் இத்தகைய வாக்கியத்திற்கு வினை இன்றியமையாததன்று. பழைய தமிழ்த் திருப்புதல் 'ஆயிருக்கிறது' என்று வினையை வெளிப்பட அமைத்தது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு வினையின்றியே நிறுத்திற்று. இவ்விரண்டில் எதையும் ஒரு கட்சியின் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று.

ஆகவே, 'மூலத்தில் இவ்வாறே உள்ளது' என்று பிரசங்க பீடத்திலிருந்து ஒரு சொல்லைக் கொண்டு வழக்கை முடிக்க முற்படும் போதகர், அச்சொல் தாங்கக்கூடியதற்கு மேலான பாரத்தை அதன்மேல் ஏற்றுகிறார். 1973-இல் லாயன்பெர்க் உடன்பாட்டின் வழியே ஐரோப்பிய லூத்தரன் திருச்சபைகளும் சீர்திருத்தத் திருச்சபைகளும் திருவிருந்தில் ஐக்கியம் கண்டபோது, அவ்வைக்கியம் 'எஸ்ட்' என்பதற்குப் புதிய அகராதிப் பொருள் கண்டதால் உண்டாகவில்லை. திருவிருந்தில் தம்மையே அளிக்கும் கிறிஸ்துவை இரு சாராரும் ஒருங்கே அறிக்கையிட்டதால் உண்டாயிற்று.

ஏர்பெர்க்கின் நூலை மாணவர் கையில் கொடுப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதனருகே தமிழ் வாக்கியங்களையும் வைத்து, ஒரே 'எஸ்ட்' எத்தனை வகையில் தமிழாகிறது என்பதைக் காட்டும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். எளிய சொல்லை எளிதென்று கடந்து செல்லாத மாணவரே அரிய சொல்லையும் பொறுப்போடு கையாள்வார்.