வெள்ளைத் தகட்டின் தீர்ப்பு

இரும்புத் தகடு ஒன்றுக்கு வெள்ளையடித்து நிறுத்துவார்கள். 40 கஜம் தள்ளி நின்று அதன்மேல் ஒரு தோட்டா சுடுவார்கள். தோட்டாவின் ஈய ரவைகள் நெருக்கமாக விழுந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, உள்ளே விழுந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். பர்மிங்காம் துப்பாக்கிப் பட்டறைகளில் குழல் கடைபவரின் கைத்திறனுக்கு மதிப்பெண் போட்டது இந்த எண்ணிக்கைதான். 12 போர் அளவுத் துப்பாக்கிக்கான வழக்கமான ஆங்கிலேயத் தோட்டாவில் 6ஆம் எண் ரவை சுமார் 287 இருக்கும். கடைசிவரை ஒரே விட்டமுள்ள குழலில் சுட்டால் வட்டத்துக்குள் 115 அளவில் விழும். வாய்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் குறுகிய குழலில் 200. இந்தக் குறுக்கலைத்தான் 'சோக்' என்கிறார்கள். பர்மிங்காமைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874இல் இதைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே 'தி ஃபீல்ட்' பத்திரிகை லண்டனில் நடத்திய சோதனையில் சோக் குழல்கள் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

சோக்கின் புகழ் ஊரறிந்தது. நான் சொல்ல வந்தது, அந்தக் குறுகலான வாய்க்கு ரவையைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கும் மெருகைப் பற்றி.

1960களில் தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் வரும்வரை, ஈய ரவைகள் குழலின் சுவரில் நேரடியாக உரசிக்கொண்டுதான் ஓடின. வெடிமருந்தின் அழுத்தம் பின்னாலிருந்து நெருக்க, ஓரத்தில் மாட்டிய ரவைகள் சுவரோடு தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகும். கடைசல் உளி விட்டுப்போன ஒரு மெல்லிய கீறல் இருந்தாலும் போதும், ஈயம் அதில் அப்பிக்கொள்ளும்; பின்னால் வருவது அதன்மேல் இன்னும் மோசமாகத் தேயும். தட்டையான ரவையைக் காற்று நேராகப் போகவிடாது. அது கூட்டத்தை விட்டு விலகி வட்டத்துக்கு வெளியே போய்விடும். உருண்டையாக வந்த ரவைதான் வட்டத்துக்குள் விழும் என்பதால், உள்சுவரின் வழவழப்பு அன்று அழகுக்காகச் செய்த வேலையே அல்ல.

அதை எப்படிச் சாதித்தார்கள் என்பதில்தான் என் மனம் லயித்துக் கிடக்கிறது. கடைசிக் கடைசலுக்கு நீளமான சதுர உளி. அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய மரச்சிம்பு வைத்திருப்பார்கள். சிம்பு சுவரில் அணைந்து நிற்க, எதிர்ப்பக்கத்து விளிம்பு மட்டும் வெட்டும். இன்னும் ஒரு துளி அகலம் வேண்டுமா? சிம்புக்கும் உளிக்கும் இடையே ஒரு காகிதத் துண்டைச் செருகுவார்கள். மறுபடி ஓட்டுவார்கள். போதவில்லையென்றால் இன்னொரு காகிதம். எஃகை அளந்து குறைக்கக் காகிதத்தின் தடிமனை அளவாக வைத்த அந்தப் புத்தியை எத்தனை பாராட்டினாலும் தகும்!

பிறகு ஈயக் கட்டை. கம்பியின் நுனியில் குழலின் அளவுக்கே ஈயத்தை வார்த்து, எண்ணெயும் எமரித் தூளும் தடவி உள்ளே விட்டு ஓட்டுவார்கள். மிருதுவான ஈயத்தில் எமரித் துகள்கள் பதிந்துகொண்டு எஃகைத் தேய்க்கும். எந்த ஈயம் சுவரில் ஒட்டிக் கெடுக்குமோ, அதே ஈயத்தைக் கொண்டுதான் சுவரை மெருகேற்றினார்கள்.

இடையிடையே குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார்கள். நல்ல குழலில் ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, மையம் பிசகாமல் தெரியும். சுவரில் நீளவாக்கில் விழும் நிழல் எங்காவது வளைந்தால் குழல் அங்கே கோணல் என்று பொருள். சுத்தியலால் பதமாக ஒரு தட்டு, மறுபடி ஒரு பார்வை. அளவுக் கருவிகள் எவ்வளவோ வந்த பிறகும் இந்தப் பார்வைக்கு ஈடாக ஒன்றை நான் சொல்லமாட்டேன்.

இன்று நிலைமை வேறு. பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து வரும் ரவை சுவரைத் தொடுவதில்லை. நுனியில் எமரி உருண்டைகள் பதித்த பிரஷ்ஷை டிரில்லில் மாட்டிக் குழலைக் கண்ணாடியாக்குகிறார்கள்; அதனால் மட்டும் ரவைகள் நெருங்கி விழும் என்று நான் நம்பவில்லை. சுத்தம் செய்வது சுலபமாகும், பிளாஸ்டிக் கறை படிவது குறையும், அவ்வளவுதான். தோட்டா அறை குழலோடு சேரும் சரிவையும் சோக்கின் ஏற்றத்தையும் படியில்லாமல் இழைப்பதற்குத்தான் இப்போது கையும் கண்ணும் வேண்டும். உள்ளே குரோமியம் பூசிய குழல் என்றால் தொடாமலிருப்பதே நல்லது. பிரிட்டனில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: முத்திரை குத்திய அளவுக்கு மேல் தேய்த்து அகலப்படுத்திய குழலை, குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் பரிசோதனைச் சாலையில் மறுபடி தேறாமல் விற்கமுடியாது. பர்மிங்காம் பரிசோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது, இன்றும் இயங்குகிறது.

துப்பாக்கி சுடும் வீரர் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடிய டிராப் போட்டியில் தோட்டாவுக்கு 24 கிராம் ரவைதான். அதில் குறியாகப் பறக்கும் தட்டின் விட்டம் 11 சென்டிமீட்டர். ரவைக் கூட்டத்தின் நடுவே கையகலம் வெற்றிடம் விழுந்தால் தட்டு முழுசாகத் தப்பிவிடும். எத்தனை ரவை விழுந்தது என்பதோடு எப்படிப் பரவி விழுந்தது என்றும் தகட்டைப் படிப்பது அதனால்தான். ஒரே குழலில், ஒரே பெட்டித் தோட்டாவில் அடுத்தடுத்துச் சுட்டாலே எண்ணிக்கை ஏறி இறங்கும். தேய்ப்பதற்கு முன் பத்து, தேய்த்த பின் பத்து என்று சுட்டு எண்ணிச் சராசரி காட்டாத யாரிடமும் நான் குழலைக் கொடுக்கமாட்டேன்.

பழைய பட்டறைக்காரர்கள் சோக்கை வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கமாக விட்டுவைப்பார்கள். ரவைகளில் 60 சதவீதம் வட்டத்துக்குள் விழவேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தால், சுட்டு எண்ணி, உள்ளே ஒரு மயிரிழை இழைத்து, மறுபடி சுட்டு எண்ணுவார்கள். தகட்டில் 172 வந்ததும் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள். குழல் இன்னும் பளபளக்க இடமிருந்தாலும் அதற்குமேல் தொடமாட்டார்கள்.