இறப்பர் – அரிசி ஒப்பந்தம்: எஹலியகொடவிலிருந்து ஒரு மறுநோக்கு

வல்லரசுகள் தம்முள் முரண்படும் காலங்களில் சிறிய நாடுகள் எவ்வாறு தப்பிப் பிழைக்கின்றன என்ற வினா எழும்போதெல்லாம், நம்மவர் பெருமையுடன் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1952ஆம் ஆண்டின் இலங்கை – சீன இறப்பர் அரிசி ஒப்பந்தமாகும். அப்பெருமை ஆதாரமற்றதன்று. ஆயின், அவ்வொப்பந்தத்தைப் பற்றி எழுதியோரிற் பலர் அதனைக் கொழும்பிலிருந்தும் பீக்கிங்கிலிருந்துமே நோக்கினர். இறப்பர் விளைந்த இடத்திலிருந்து நோக்கினாலன்றி அதன் முழுப்பொருளையும் உணர்தல் அரிது.

அத்தகைய இடங்களுள் ஒன்று எஹலியகொட. அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளங்களில் வயலும் குன்றுகளில் இறப்பருமாக விரிந்து கிடக்கும் பிரதேசம் அது. இங்கு பெருந்தோட்டங்களில் லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரும், அயற்கிராமங்களிலிருந்து வேலைக்கு வந்த சிங்களத் தொழிலாளரும், சிறு துண்டு நிலங்களில் இறப்பர் வளர்த்த கிராமத்தவரும் ஒரே மழையையும் ஒரே சந்தையையும் நம்பி வாழ்ந்தனர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலி இல்லை. சிங்கப்பூரில் விலை வீழ்ந்தாலும் ஏறக்குறைய அதே விளைவுதான்.

1950இல் மூண்ட கொரிய யுத்தம் இறப்பரை ஒரு போர்ப் பொருளாக்கிற்று. விலை வானளாவ உயர்ந்து, 1951இன் பின் சரியத் தொடங்கியது. மறுபுறம் உலகச் சந்தையில் அரிசி அருமையாயிற்று. 1951 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, சீனாவுக்குப் போர்ப் பயனுள்ள பொருள்களை அனுப்பலாகாது எனத் தீர்மானித்தது. அதே ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ‘பற்றில் சட்டம்’, அத்தகைய பொருள்களைப் பொதுவுடைமை நாடுகளுக்கு விற்போருக்கு உதவியை மறுத்தது. இலங்கையோ அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமை பெற்றிருக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தின் இரத்து அதிகாரம் அதனை 1955 வரை வெளியே நிறுத்தி வைத்திருந்தது. ஒரு வல்லரசு அடைத்த கதவு, மற்றொரு வல்லரசின் தடையிலிருந்து இலங்கைக்கு ஓரளவு விலக்கு அளித்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

அன்று ஆட்சியிலிருந்தோர் பொதுவுடைமையின் நண்பரல்லர். பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்து, திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் அதன் தளங்களை வைத்திருந்த அரசு அது. சீனாவை 1950இல் அங்கீகரித்திருந்தபோதும், இரு நாடுகளுக்குமிடையே தூதரக உறவு 1957இலேயே ஏற்பட்டது. அமைச்சரவைக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. இருந்தும், வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க 1952 டிசம்பர் 18ஆம் திகதி பீக்கிங்கில் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் செல்லும். 270,000 தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சிங்கப்பூர் விலையிலும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்க உதவி 1956 வரை கிட்டவில்லை. ஆயினும் ஒப்பந்தம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நிலைத்தது.

இதனை அணிசேராக் கொள்கையின் முதல் வெற்றியெனப் போற்றுவோர் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. கொள்கை முன்னே சென்று வாணிபத்தை நடத்தியதாகச் சான்றில்லை. பசி முன்னே சென்றது. கொள்கை பின்னே வந்தது. விற்க முடியாத இறப்பரும் வாங்க முடியாத அரிசியுமே ஒரு வலதுசாரி அரசைப் பீக்கிங்குக்கு அனுப்பின. இதனைக் கூறுவது அவர்தம் துணிவைக் குறைப்பதாகாது. சிறிய நாட்டின் பேரம்பேசும் வலிமை அதன் சொற்றிறனில் இல்லை, அதன் உழைப்பாளர் உண்டாக்கும் பொருளிலேயே உள்ளது என்பதே இதன் கருத்தாகும்.

அங்ஙனமாயின், அவ்வுழைப்பாளர் யார்? இங்கேதான் நமது வரலாற்றெழுத்தின் மௌனம் வெளிப்படுகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரின் பெரும்பாலாரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கியிருந்தன. 1952 மேயில் நடந்த பொதுத் தேர்தலில் அவர்கள் வெறும் பார்வையாளர். அத்தேர்தலில் தெரிவான அரசே டிசம்பரில் அவர்கள் வெட்டிய பாலைக் கொண்டு பேரம் பேசியது. எஹலியகொடவில் ஒரு குன்றின் இருபுறமும் ஒரே விடியலிற் பால் வெட்டிய இருவருள், கிராமத்தவருக்கு வாக்கு இருந்தது, லயத்தவருக்கு இல்லை. இருவர் சிரட்டையில் வடிந்த பாலும் ஒரே கப்பலிற் சென்றது.

ஒப்பந்தத்தால் லயத்தவர் நன்மை பெறவில்லையா என வினவலாம். பெற்றனர். இறப்பர் விலை போனதால் வேலை நின்றுவிடவில்லை. வந்த அரிசி அவர் உலையிலும் கொதித்தது. ஆயின், நன்மையைப் பெறுவது வேறு, அதனைக் கேட்டுப் பெறும் உரிமை வேறு. 1953இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். வாக்குள்ள மக்களின் பசிக்கு அரசு அஞ்சியது. ஒப்பந்தம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே, 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீடு சுருங்கியபோது, பயிரிட நிலமற்ற தோட்ட மக்கள் பட்டினியால் மடிந்தனர். அவர்தம் பசிக்கு எந்தப் பிரதமரும் பதவி துறக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றோர் ஒப்பந்தத்தையும் உடன்வைத்து நோக்குதல் பொருத்தமானது. 1962இல் இந்திய – சீனப் போர் மூண்டபோது, இலங்கை கொழும்பு மாநாட்டைக் கூட்டிச் சமரசம் நாடியது. அயலாரின் நட்பை இந்தியா பெரிதும் நாடிய அச்சூழலில், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிக்கப்படும். அவர்களும் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். முன்னைய ஒப்பந்தத்தில் தொன் கணக்கில் இறப்பர். பின்னையதில் இலட்சக் கணக்கில் மனிதர். இறப்பரிடம் விருப்பம் கேட்பதில்லை என்பது இயல்பு. மனிதரிடமும் கேளாமலே எண்ணிக்கை முதலில் முடிவாயிற்று என்பதே கொடுமை. நாடற்ற நிலை சட்டத்தால் நீங்குவதற்கு 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவை பழங்கதைகளல்ல. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீதத் தீர்வையை அறிவித்தது. பேச்சுவார்த்தைகளின் பின் ஓகஸ்டில் அது 20 சதவீதமாயிற்று. சீனாவும் அமெரிக்காவும் வர்த்தகத்தில் மோதும் இந்நாளிலும், எவ்வளவு குறைக்கப்பட்டது என்பதையே நாம் இராசதந்திரத்தின் அளவுகோலாகக் கொள்கின்றோம். குறைந்ததன் பயன் டயர்த் தொழிற்சாலையிலும் இறப்பர் மலையிலும் நிற்பவரின் கூலியை எட்டிற்றா என வினவுவோர் சிலரே.

1952இன் ஒப்பந்தம் நமக்குத் தரும் பாடம் இரண்டு. தன் தேவையைத் தெளிவாக அறிந்த சிறிய நாடு, வல்லரசின் சினத்தையும் தாங்கி நிற்க இயலும் என்பது ஒன்று. அது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அவ்வாறு நிற்கும் நாடு தன்னைத் தாங்கும் கைகளுக்கு மேசையில் இடம் தராவிடின், அதன் சுதந்திரம் அரைகுறையானதே என்பது மற்றொன்று. அதனை எழுதும் பொறுப்பு இன்றைய பல்கலைக்கழக மாணவருடையது. அவருட் பலர் அந்த லயங்களிலிருந்தே வருகின்றனர் என்பது, அப்பொறுப்பு நிறைவேறும் என்ற நம்பிக்கையைத் தருகின்றது.