வாசிக்க முடிந்த நிரல்

1995இல் ஜோன் ஹீம்ஸ்கெர்க், டிர்க் பாஸ்மன்ஸ் என்ற இருவர் 'ஜோடி' என்ற பெயரில் ஓர் இணையப் பக்கத்தை வெளியிட்டார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளும் குறிகளும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். கணினி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். ஆனால் உலாவியில் அப்பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால், அதே குறிகள் ஒழுங்காக நின்று ஹைட்ரஜன் குண்டின் வரைபடமாகத் தெரியும். ஹெச்.டி.எம்.எல்.லில் வரி முறிவுகளையும் தொடர் இடைவெளிகளையும் உலாவி சுருக்கிவிடும். அந்த விதியையே ஜோடி தங்கள் திரைச்சீலையாக்கிக்கொண்டார்கள். நிரலை வாசிக்கத் தெரிந்தவருக்கே குண்டு கண்ணில் படும்.

நிரல் எழுதி இணையத்தில் ஊடாட்டக் கலை படைப்பவர்களின் வரலாற்றைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம்: முதலில் ஹெச்.டி.எம்.எல்., பிறகு ஃப்ளாஷ், பிறகு ஜாவாஸ்கிரிப்ட். எந்தப் படைப்பின் நிரலைப் பிறர் திறந்து வாசிக்க முடிந்தது, எதனுடையதை முடியவில்லை என்று கேட்டால் இந்த வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. எது நிலைத்தது, எது மறைந்தது என்பதற்கும் அங்கேதான் விடை இருக்கிறது.

சட்டகங்களில் ஒரு கதை

மாஸ்கோவின் திரைப்பட வட்டாரத்திலிருந்து இணையத்துக்கு வந்தவர் ஒலியா லியாலினா. 1996இல் அவர் படைத்த 'மை பாய்ஃப்ரண்ட் கேம் பேக் ஃப்ரம் தி வார்' இத்துறையின் செவ்வியல் படைப்பு. போரிலிருந்து திரும்பிய காதலனும் அவன் காதலியும் பேசிக்கொள்ளத் திணறுகிறார்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் திரை மேலும் சிறு சட்டகங்களாகப் பிளக்கிறது. வாக்கியங்களும் கறுப்பு வெள்ளைப் படங்களும் தனித்தனிக் கட்டங்களில் ஒதுங்குகின்றன. கடைசியில் எஞ்சுபவை வெற்றுக் கட்டங்களே. ஒரு சாதாரணப் பக்க அமைப்பு வசதி இங்கே திரைப்பட வெட்டின் வேலையைச் செய்கிறது.

இந்த நிரல் யாரும் திறந்து படிக்கும்படி எளிமையானது. அதனால் பல கலைஞர்கள் அதை எடுத்து வேறு வடிவங்களில் மறுபடைப்புச் செய்தார்கள். லியாலினா அவற்றையெல்லாம் தொகுத்து ஓர் இணைய அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார். ஆனாலும் ஒன்று போய்விட்டது. அன்றைய மோடம் வேகத்தில் படங்கள் மெல்ல மெல்ல வந்தன. அந்தக் காத்திருப்பு காதலர்களுக்கிடையிலான மௌனமாகவே உணரப்பட்டிருக்கும். இன்றைய வேகத்தில் அந்த மௌனம் இல்லை. நிரல் அப்படியே இருக்க, படைப்பு மாறிவிட்டது.

மூடிய பெட்டி

ஃப்ளாஷ் வந்ததும் சுட்டியைத் தொடர்ந்து படங்கள் துள்ளவும் வளையவும் தொடங்கின. ஜப்பானில் யூகோ நகமுரா, அமெரிக்காவில் ஜோஷுவா டேவிஸ் போன்றவர்கள் அசைவுக்கே ஓர் இலக்கணம் வகுத்தார்கள். சியோலிலிருந்து இயங்கும் யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ் அதே ஃப்ளாஷைக் கொண்டு எதிர்த்திசையில் போனது. 'டகோட்டா'வில் பெரிய எழுத்துகள் டிரம்ஸ் தாளத்துக்குப் பாய்ந்து வரும். நிறுத்தவோ பின்செல்லவோ பொத்தான் கிடையாது. கிளிக் செய்வதே பங்கேற்பு என்ற எண்ணத்துக்கு அது நல்ல மறுப்பு.

ஆனால் ஃப்ளாஷ் கோப்பு தொகுக்கப்பட்ட ஒன்று. அதை இயக்கத் தனிச் செருகுநிரல் வேண்டும். அது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. 2020 டிசம்பர் 31 அன்று அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியபோது ஒரு தலைமுறையின் படைப்புகள் உலாவிகளில் இருண்டன. ரஃபிள் என்ற திறந்தமூல இயக்கி இப்போது பலவற்றை மீட்டுத் தருகிறது. படைப்பைக் காப்பாற்ற அதை ஓட்டும் இயந்திரத்தையே புதிதாக எழுத வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கம் ஷு லீ செங்கின் 'பிராண்டன்'. 1993இல் நெப்ராஸ்காவில் கொல்லப்பட்ட பிராண்டன் டீனாவை முன்வைத்து, 1998–99இல் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக உருவான பன்முக இணையப் படைப்பு அது. பக்கத்துக்குள் ஓடும் ஜாவா ஆப்லெட்டுகள் என்ற சிறு நிரல்களை உலாவிகள் கைவிட்டதும் அதன் பகுதிகள் நின்றுபோயின. அருங்காட்சியகமும் நியூயார்க் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர்களும் சேர்ந்து அதை மீட்டார்கள். பழைய நிரலை அழிக்காமல் வைத்துக்கொண்டே புதிய நிரலைச் சேர்த்தார்கள். ஓவியத்தைச் சீரமைப்பவர் எங்கே கை வைத்தார் என்பதைப் பதிவு செய்வதுபோன்ற நேர்மை இது. மூலநிரல் வாசிக்கக்கூடியதாக இருந்ததால்தான் இது கைகூடியது.

உடைமையும் சார்பும்

இணையப் பக்கத்தை விற்க முடியுமா என்ற கேள்விக்கு ரஃபேல் ரோசெண்டால் என்ற கலைஞர் ஓர் ஒப்பந்தத்தால் பதில் சொன்னார். அவருடைய பக்கங்கள் ஒற்றைச் செயல் கொண்டவை. ஒன்றில் ஜெல்லி தொட்டால் நடுங்கும். 2011இல் அவர் வெளியிட்ட விற்பனை ஒப்பந்தப்படி வாங்குபவருக்கு இணைய முகவரி சொந்தமாகும். ஆனால் அதை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்க வேண்டும்.

கிறிஸ் மில்க்கும் ஆரன் கோப்ளினும் கூகுளோடு சேர்ந்து 2010இல் உருவாக்கிய 'தி வைல்டர்னஸ் டவுன்டவுன்' நேர் எதிர். சிறுவயதில் வாழ்ந்த முகவரியைக் கொடுத்தால் அந்தத் தெருவே ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவின் பாடலுக்குள் வரும். மனத்தைத் தொடும் படைப்பு. ஆனால் அதன் உயிர் கூகுள் வரைபடச் சேவையில் இருக்கிறது. கலைஞர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அந்தப் பகுதி அவர் கையில் இல்லை.

இன்றைய இரு போக்குகள்

2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் எம்.ஐ.டி.யில் தொடங்கிய பிராசசிங், கலைஞர்களுக்கான நிரல்மொழியாக வளர்ந்தது. அதன் வழியில் 2013இல் லாரன் லீ மெக்கார்த்தி தொடங்கிய பி5.ஜேஎஸ் உலாவியிலேயே வரைய வழிசெய்தது. அதே ஆண்டு வந்த ஷேடர்டாய் என்ற தளத்தில் படத்துக்குப் பக்கத்திலேயே நிரல் இருக்கும். யாரும் ஓர் எண்ணை மாற்றி விளைவைப் பார்க்கலாம். படிப்பதும் படைப்பதும் இங்கே ஒரே இடத்தில் நடக்கின்றன.

மறுபுறம், இன்றைய பிரம்மாண்டமான முப்பரிமாணப் பக்கங்களின் மூலத்தைத் திறந்தால், கருவிகள் சுருக்கிக் கட்டிய ஒரே நீண்ட வரிதான் பெரும்பாலும் கிடைக்கிறது. பக்கம் விரைந்து திறக்க அது உதவுகிறது. ஆனால் கற்க வருபவருக்கும் நாளை பழுதுபார்க்க வருபவருக்கும் அதில் எதுவும் புரியாது. இணையக் கலையை வாங்கும் அருங்காட்சியகங்கள் ஓடும் பக்கத்தோடு சுருக்கப்படாத நிரலையும் குறிப்புகளோடு கேட்டுப் பெற வேண்டும். கலைஞர்களும் அதைப் படைப்பின் பகுதியாகவே வெளியிட வேண்டும்.