சேறு கேட்கும் உயரம்

2022 நவம்பர் 11 இரவு பெய்த மழையை சீர்காழி இன்னும் மறக்கவில்லை. ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். சம்பா வயலும் வாய்க்காலும் தெருவும் ஒரே நீர்ப்பரப்பாயின. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர்கள் சந்தித்தால் பேச்சு ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: “வண்டியை எத்தனை இன்ச் தூக்கலாம்?” அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் உயரத்தையே அளவுகோலாகக் கொண்டு பாகம் தேர்ந்தெடுப்பது முறையியல் பிழை. உயரம் என்பது பல பாகங்கள் சேர்ந்து தரும் விளைவு. அந்தப் பாகங்கள் இந்த மண்ணுக்குப் பொருந்துகின்றனவா, வண்டியின் வடிவமைப்போடு இசைகின்றனவா என்பதைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மண்ணிலிருந்து தொடங்குவோம். வண்டியைத் தூக்கும் பாகத் தொகுப்பான லிஃப்ட் கிட்டின் மரபு அமெரிக்கப் பாறைகளிலும் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுத் தடங்களிலும் வளர்ந்தது. அங்கே வண்டிக்கு எதிரி அடியில் முட்டும் கல். கொள்ளிடத்துக்குத் தெற்கே இந்தப் பக்கத்தில் பாறை கிடையாது, வண்டலும் களியும்தான். மேலே காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும், கீழே உளையாக இருக்கும். வயலுக்குப் போகும் தடத்தில் டிராக்டர் சக்கரங்கள் இருபுறமும் பள்ளம் பறித்து நடுவே ஒரு மேட்டை விட்டுச் செல்கின்றன. டெல்டாவில் வண்டியைச் சோதிப்பது அந்த நடுமேடுதான்.

திருமுல்லைவாசல் பக்கம் ஒரு தைமாதக் காலையில் கண்ட காட்சி இந்த வாதத்துக்கு நேர்ச்சான்று. நன்றாகத் தூக்கப்பட்ட மஹிந்திரா தார் ஒன்று தடத்தின் நடுவே நின்றது. உடலுக்கும் தரைக்கும் இடையே ஒரு சிறுவன் தவழ்ந்து போகலாம், அவ்வளவு இடம். ஆனால் பின் ஆக்சிலின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு நடுமேட்டின்மேல் படிந்து உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரமும் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. வண்டி ஓர் அடி நகரவில்லை. கடைசியில் வேலை செய்தது மண்வெட்டி. மேட்டைச் செதுக்கி எடுத்ததும் வண்டி தானே நகர்ந்தது.

ஏன் என்பதற்குப் பொறியியல் விடை எளிது. 2020 அக்டோபரில் வந்த தாரில் முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியே இயங்குகின்றன. பின்பக்கம் ஒரே துண்டான திட ஆக்சில். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸ் உயரும், அதில் பொருத்தப்பட்ட முன் டிஃபரன்ஷியலும் உயரும். பின் டிஃபரன்ஷியல் ஸ்பிரிங்குக்குக் கீழே ஆக்சிலோடு இருப்பதால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜிம்னி வண்டியில் முன்னும் பின்னும் திட ஆக்சில்; அங்கே இரண்டுமே உயராது. அவற்றை உயர்த்தக்கூடியது டயரின் விட்டம் மட்டுமே, அதுவும் பாதிக்குப் பாதியாக. தாரின் 245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ. அதை 265/75 ஆர்16 ஆக்கினால் 804. விட்டம் 30 கூட, டிஃபரன்ஷியல் உயர்வது 15 மி.மீ. அதற்கு விலையாக வேகமானி ஏறக்குறைய நான்கு விழுக்காடு குறைத்துக் காட்டும்.

இந்தப் பாடத்தை டெல்டா எப்போதோ கற்றுவிட்டது. பார வண்டிக்குப் பெரிய சக்கரம் பூட்டினார்கள். வில்லை வில்வண்டிக்கு வைத்தார்கள், அதுவும் பயணியின் இடுப்புக்காக. இன்று சேற்றுழவு ஓட்டும் டிராக்டர்காரர் வண்டியைத் தூக்குவதில்லை. கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டுகிறார். சேற்றோடு சக்கரம் எப்படி உறவாடுகிறது என்பதே இந்த மண்ணில் முதல் கேள்வி என்று அவருக்குத் தெரியும். நம் ஜீப்காரர்கள் அந்தப் படிப்பைத் தாண்டிக் குதித்து, வேறொரு நிலத்தின் விடையை வாங்கி வருகிறார்கள்.

அதற்காக லிஃப்டை முற்றாகத் தள்ளுவது நேர்மையாகாது. வாய்க்கால் கரையைக் குறுக்கே கடக்கும்போது முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாத நொடியில், வயிறு கரையில் தட்டுகிறது. அங்கே உயரம் உண்மையான பயன் தருகிறது. 2450 மி.மீ. சக்கர இடைவெளியுள்ள தாரில் 40 மி.மீ. கூடினால் வயிறு தட்டாமல் கடக்கும் நடுக்கோணம் மூன்றரை பாகை அளவுக்குக் கூடும். சக்கர இடைவெளி 2590 மி.மீ. கொண்ட ஐந்து கதவு ஜிம்னிக்கு இந்தப் பயன் இன்னும் தேவையானது. பெரிய டயர் உராயாமல் சுழல இடம் கிடைப்பது இரண்டாவது நன்மை. லிஃப்ட் தருவது கோணமும் இடமும். சேற்றிலிருந்து விடுதலை அதன் வரவில் இல்லை.

இனிப் பாகங்களை ஒவ்வொன்றாக எடைபோடலாம். பழைய மஹிந்திரா ஜீப்புகளில் வழக்கம் நீண்ட ஷேக்கிள் போடுவது. மலிவு, அரை நாள் வேலை, பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். இவை அதன் நிறைகள். ஆனால் ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும். கூடவே ஆக்சில் சற்றுத் திரும்பி, ஸ்டியரிங்கின் நேர்த்தியோ புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமோ கெடும். கமான் பட்டையில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்ப்பது பாரத்துக்கு நல்லது. ஆனால் வெறும் வண்டி உதறும், உதறும் சக்கரம் சேற்றைப் பிடிக்காது. 2010 முதல் வந்த முதல் தலைமுறைத் தாரின் சிஆர்டிஇ வகையில் முன்பக்கம் டார்ஷன் பார். போல்ட்டை முறுக்கினாலே வண்டி நிமிரும். செலவில்லாத அந்த உயரம், சக்கரம் கீழே இறங்க வேண்டிய பயணத்திலிருந்து கடனாக எடுத்தது. பள்ளத்தில் சக்கரம் தொங்கி நிற்கும்போது அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, இன்று மிகுதியாக விற்கும் ஸ்பேசர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் இணைந்த கூட்டின் தலையில் வைக்கும் உலோகத் துண்டு. ஸ்பிரிங்கின் இயல்பு மாறாததால் சாலையில் சவாரி ஏறக்குறைய கம்பெனி நிலையிலேயே இருக்கும். இதை மதிக்கத்தான் வேண்டும். குறை இரு முனையிலும் ஒளிந்திருக்கிறது. சக்கரம் முழுதும் கீழிறங்கும்போது பால் ஜாயின்ட்டும் ஆக்சில் ஷாஃப்டின் மூட்டும் தம் எல்லையைத் தாண்டி வளைகின்றன. முழுதும் மேலேறும்போது பம்ப் ஸ்டாப் தடுப்பதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே உலோகம் உலோகத்தில் முட்டுகிறது. இவ்வகை வண்டி ஒன்றைப் பணிமனையின் தூக்கியில் ஏற்றி அடியில் நின்று பார்த்தேன். ஆக்சில் ரப்பர் பூட்டின் மடிப்பில் விரல் நுழையும் கீறல். அதிலிருந்து கசிந்த கிரீஸ் வீல் ரிம்மின் உட்புறம் முழுக்க விசிறியடித்திருந்தது. கிரீஸ் போன வழியில் களி நுழைந்து மூட்டுக்குள் அரைத்துக்கொண்டிருந்தது. ஸ்பேசரில் மிச்சம் பிடித்த பணம் அந்த மூட்டில் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பழைய ஷாக்கை வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. இது பாதி எழுதிய வாக்கியம். ஸ்பிரிங் தேக்கும் விசையை ஷாக்தான் அடக்க வேண்டும். கடினமான ஸ்பிரிங்குக்கு மென்மையான ஷாக் ஈடுகொடுக்காது. நீளமும் பொருந்தாது: சக்கரம் இறங்கும்போது ஷாக்கின் நீட்டம் முதலில் முடிந்துபோய், ஒவ்வொரு பள்ளத்திலும் ‘டங்’ என்று ஒலிக்கும்.

நான்காவது வழி ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திக் கணக்கிட்டு வரும் முழுத் தொகுதி. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் தன் ‘ஓல்ட் மேன் எமு’ வரிசையில் நிலைநிறுத்திய முறை இது. அதன் சிறப்பு, அது முதலில் கேட்கும் கேள்வி: வண்டியில் எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும்? பின்னால் 45 கிலோ யூரியா மூட்டை நான்கு, ஒரு டீசல் கேன் என்று ஏறும் வண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. கனமான ஸ்பிரிங்கை ‘உறுதியானது’ என்று நம்பி வாங்குவது நம்மிடையே பரவலான தவறு. ஏற்றாத பாரத்துக்கு வாங்கிய ஸ்பிரிங் வண்டியைக் குதிரையாக்கிவிடும். இந்த வழியின் குறை விலை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒத்திசைவு என்ற அளவுகோலில் மற்ற மூன்றும் இதன் அருகே வர முடியாது.

ஷாக் வகையிலும் நம் சூழல்தான் தீர்ப்பளிக்க வேண்டும். 1957இல் பில்ஸ்டைன் மெர்சிடிஸ் கார்களுக்குப் பெருமளவில் செய்யத் தொடங்கிய ஒற்றைக் குழாய் வாயு ஷாக், சூட்டை விரைவில் வெளியேற்றும். நெடுந்தூர வேகத்தில் தளராது. ஆனால் பிஸ்டன் ஓடுவது வெளிச்சுவரிலேயே. அது நசுங்கினால் ஷாக் முடிந்தது. இரட்டைக் குழாய் வகை சூட்டில் சற்றுத் தளரும், அடியைத் தாங்கும். கரையில் ஊர்ந்து போகும் நம் ஓட்டத்தில் ஷாக் சூடாவது அரிது. மூங்கில் முளையிலும் மதகுக் கல்லிலும் உரசுவது சாதாரணம். எனவே இங்கே நல்ல இரட்டைக் குழாய் வகையே தகும். புஷ்களில் பாலியூரித்தேனுக்குப் பெயர் பெரிது. ஆனால் களி புகுந்தால் கீச்சிடும், அடிக்கடி கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லும். கம்பெனி ரப்பரே போதும். கடலோரமாக இறால் பண்ணைக்குப் போய் வரும் வண்டிகளில் உப்புநீர் ஓட்டம் உண்டு. அங்கே பெயர்ப்பலகையைவிட மேற்பூச்சின் தரம் முக்கியம்.

ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கணக்கும் உண்டு. ஜிம்னியைத் தூக்கினால் முன் ஆக்சிலைப் பிடிக்கும் கைகள் சாய்ந்து கேஸ்டர் கோணம் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். கேஸ்டரைச் சரிசெய்யும் புஷ் இல்லாத ஜிம்னி கிட் முழுமையற்றது. தாரில் இரண்டு அங்குலத்தைத் தொட்டால் மேல் கண்ட்ரோல் ஆர்மும் மாற வேண்டும். இல்லையேல் அலைன்மென்ட் நிற்காது. ‘வெள்ளத்துக்காக’ என்றே தூக்க நினைப்பவர்கள் கூர்க்கா வண்டியின் வடிவமைப்பைப் படிக்கலாம்: 2024 வடிவில் 233 மி.மீ. தரை இடைவெளி, 700 மி.மீ. நீர் கடக்கும் ஆழம், கம்பெனியிலேயே பொருத்திய ஸ்நார்க்கல், இரண்டு ஆக்சிலிலும் லாக்கர். வெள்ளத்துக்கான விடையை மூச்சுக்குழாயிலும் இழுவையிலும் தேடியிருக்கிறார்கள். தாரின் நீர் எல்லை 650 மி.மீ. ஸ்பிரிங்கைத் தூக்கினால் எஞ்சின் சற்று உயரும். வீல் பேரிங்கும் பின் டிஃபரன்ஷியலும் அதே ஆழத்தில்தான் மூழ்கும். ஆக்சிலின் காற்றுப்போக்கியான பிரீதர் குழாயை மேலே நீட்டிக் கட்டுவது, அந்த 44 சென்டிமீட்டர் நாளுக்கு, எந்த ஸ்பிரிங்கையும்விடப் பயனுள்ள செலவு.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. தாரின் சக்கரத் தட அகலத்தில் பாதி 760 மி.மீ. எடைமையம் தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து வரும் கவிழாமை விகிதம் 1.09. 45 மி.மீ. உயர்த்தினால் 1.02. எண்ணில் சிறு சரிவு. வளைவில் குறுக்கே மாடு வந்து ஸ்டியரிங்கை வெட்டும் நொடியில் பெருஞ்சரிவு. 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தாருக்குத் தந்த நான்கு நட்சத்திரமும் கம்பெனி உயரத்திலிருந்த வண்டிக்குத் தரப்பட்டவை.

சட்டத்தையும் அடிக்குறிப்பாக ஒதுக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் தேடுவது இத்தகைய மாற்றத்தைத்தான். எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துமூல இசைவு இல்லாமல் அன்றாட வண்டியைத் தூக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

தீர்ப்பு இது. சீர்காழி மண்ணில் வரிசை சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். கம்பெனி அளவிலேயே சேற்றுப் பல் கொண்ட டயர், தடத்தில் இறங்குமுன் காற்றைக் குறைத்துச் சாலைக்குத் திரும்பியதும் நிரப்பும் பழக்கம், நீட்டிய பிரீதர், பாரத்துக்கேற்ற நல்ல ஷாக்: இந்த நான்கும் வண்டியை ஓர் அங்குலமும் உயர்த்தாமல் பெரும்பாலான தடங்களைத் திறந்துவிடும். கரை கடப்பதே அன்றாடத் தேவையாக உள்ளவருக்கு, இசைவு பெற்று, பொருத்திக் கணக்கிட்ட 40 மி.மீ. முழுத் தொகுதி தகும். வெறும் ஸ்பேசரும் முறுக்கிய டார்ஷன் பாரும் தகுதி பெறவில்லை. நான்கு அங்குல லிஃப்ட் இந்த மண்ணில் கேட்கப்படாத கேள்விக்குச் சொன்ன விடை.

கிட் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர் அதற்கு முன் ஒரு காரியம் செய்யட்டும். தன் தடத்தின் நடுமேட்டில் குந்தி, பள்ளத்திலிருந்து அது எத்தனை மி.மீ. நிற்கிறது என்று அளக்கட்டும். பிறகு வண்டிக்கடியில் படுத்து, தரைக்கும் பின் டிஃபரன்ஷியலுக்கும் உள்ள இடைவெளியை அளக்கட்டும். முதல் எண் பெரிதாயிருந்தால் அவர் வாங்க வேண்டியது ஸ்பிரிங் அல்ல.