இராம்கிங்கர் பைஜ்: ஒரு மறுமதிப்பீடு

தற்கால இந்தியச் சிற்பக் கலையைப் பற்றிப் பேசுவோர் இராம்கிங்கர் பைஜின் பெயரைக் கூறாதிருப்பதில்லை. ஆயினும், அவரைக் கட்டுக்கடங்காத பிறவிக் கலைஞர் என்றும், உணர்ச்சி வேகத்தில் கைபோன போக்கில் படைத்தவர் என்றும் புகழ்வதே வழக்கமாகிவிட்டது. இப்புகழ் அவருடைய அறிவைக் குறைத்துக் காட்டுகிறது.

2012-ஆம் ஆண்டில் புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடம் நடத்திய பெருங் கண்காட்சி இவ்வெண்ணத்தைத் திருத்தியது. பைஜின் மாணவரும் சிற்பியுமான கே. எஸ். இராதாகிருஷ்ணன் அதனை அமைத்தார். சிற்பங்களுடன் கோட்டோவியங்களும் வண்ண ஓவியங்களும் ஒருங்கே வைக்கப்பட்டன. கண்ட உருவைக் கோட்டிலும் வண்ணத்திலும் பலகால் ஆராய்ந்த பின்னரே அவர் சிலையாக்கினார் என்பது அங்கே தெளிவாயிற்று.

1906-இல் வங்காளத்துப் பாங்குராவில் எளிய குடும்பத்தில் பிறந்த பைஜ், சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். 1938-இல் அங்கே அவர் எழுப்பியது 'சந்தால் குடும்பம்'. பளிங்கையும் வெண்கலத்தையும் நாடாமல், சிமெண்டையும் அம்மண்ணின் செம்புராங்கல் சல்லியையும் கலந்தே அதனைச் சமைத்தார். கணவன், மனைவி, காவுதடிக் கூடையில் குழந்தை, உடன் ஒரு நாய். பிழைப்புத் தேடி இடம்பெயரும் குடும்பம் அது. மன்னர்க்கும் தலைவர்க்கும் உரியதாயிருந்த பேருருவத்தை அவர் உழைப்பாளிக்கு வழங்கினார்.

சென்னைக் கடற்கரையில் 1959-இல் நிறுவப்பெற்ற, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையை நாம் அறிவோம். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் தசைத் திரட்சியே அங்கு முதன்மை பெறுகிறது. பைஜின் மாந்தரிடமோ நடையே முதன்மை. 1956-இல் அவர் செய்த 'ஆலை அழைப்பு' என்னும் சிற்பத்தில், சங்கொலி கேட்டு இரு பெண்கள் விரைகின்றனர். சேலை காற்றில் பறக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு விரைந்த தாய்மாரை ஜொகூர்த் தோட்டங்களில் கண்டவர்க்கு இவ்வுருவம் அயலானதன்று.

எனினும், கண்காட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்விரு பெருஞ் சிற்பங்களும் சாந்திநிகேதனின் திறந்த வெளிக்கே உரியவை. வெயிலும் மழையும் படும் அவ்விடத்தில்தான் அந்நடை முழுப் பொருள் பெறும். அவருடைய எல்லாப் படைப்பும் ஒரே தரத்தன என்பதும் பொருந்தாது. தில்லி ரிசர்வ் வங்கி வாயிலில் நிற்கும் யட்சன், யட்சி உருவங்களில் பெருமிதம் உண்டு. அந்தத் துடிப்பு இல்லை.

சிற்பம் என்றதும் மாமல்லபுரத்தோடும் தஞ்சையோடும் நின்றுவிடுகிறோம். அவற்றின் பெருமை குறையப் போவதில்லை. ஆனால், நம் பெற்றோரைப் போன்ற மனிதர் கலைக்கு உரிய பொருளாயினர் என்பதை மாணவர்க்கு உணர்த்தப் பைஜையும் அறிமுகப்படுத்துதல் வேண்டும்.