செஞ்சிறகுப் பேய்: மக்கைமுரா விளையாட்டுத் தொடரின் எதிர்ப்பாத்திரம் குறித்துச் சில சிந்தனைகள்

படைப்பொன்றை அதன் தலைவனைக் கொண்டு மதிப்பிடுதல் நம் விமரிசகர்க்கு நெடுநாள் வழக்கமாகவுள்ளது. எதிர்ப்பாத்திரத்தை முதலில் நிறுத்தி ஆராய்வோர் அரியர். வீடியோ விளையாட்டுகளைப் பொறுத்தவரையில், அவற்றை ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்வதற்கே நம்மிற் பலர் தயங்குகின்றனர். சிறுவர் பொழுதுபோக்கு என்றும், நாணயக் குற்றிகளை விழுங்குவதற்கென அமைக்கப்பட்ட வணிகப் பண்டம் என்றும் அவை ஒதுக்கப்படுகின்றன. இவற்றுள் இரண்டாவது கூற்றிற் பெருமளவு உண்மையுண்டு. எனினும் அவ்வுண்மை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட உதாரணம், யப்பானின் கப்கொம் நிறுவனம் 1985 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மக்கைமுரா’ என்னும் விளையாட்டிலே தோன்றி, அத்தொடரின் பின்வந்த பகுதிகளிலும் விடாது தொடர்ந்துவரும் ‘ரெட் அரிமர்’ என்ற செந்நிறப் பேய்.

மக்கைமுரா என்பதைப் பேயுலகக் கிராமம் எனத் தமிழிற் கூறலாம். மேனாடுகளில் அது ‘கோஸ்ற்ஸ் அன் கொப்ளின்ஸ்’ என்ற பெயரால் அறியப்பட்டது. தொக்குரோ புஜிவாரா என்பவர் அதனை வடிவமைத்தார். கதை மிக எளியது: ஆதர் என்னும் வீரனின் காதலியான இளவரசியைப் பேயொன்று கவர்ந்து செல்கின்றது, கவசம் பூண்ட ஆதர், ஈட்டியெறிந்து பேய்களை வென்று அவளை மீட்கப் புறப்படுகின்றான். ஒருமுறை அடிபட்டாற் கவசம் சிதறி உள்ளாடையுடன் நிற்பான். மறுமுறை அடிபட்டால் எலும்புக்கூடாகிச் சரிவான். வீரகதையின் பெருமிதத்தை இவ்வாறு உள்ளாடையளவிற்கு இறக்கிவிட்ட நகைச்சுவை தனித்து ஆராயத்தக்கது. ஈண்டு அதற்கு இடமில்லை.

கதையிலும் பார்க்க நாம் ஊன்றி நோக்கவேண்டியது இயக்கத்தையே. 1985 ஆம் ஆண்டின் ஆதர் ஈட்டியை இடமும் வலமும் மாத்திரமே எறிய வல்லவன். மேல்நோக்கி எறிய அவனால் இயலாது. தாவ எழுந்தானாயின் நடுவானிலே திசை மாறவும் இயலாது. காலைத் தரையினின்றும் எடுத்த கணத்திலேயே அவன் எங்கே விழப்போகின்றான் என்பது தீர்மானமாகிவிடும். ஆடுபவர் பலர் இதனை ஒரு குறையாகவே கருதினர். ஆனால், அவ்விளையாட்டின் உலகம் முழுவதும் இவ்விரு தடைகளைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளது என்பதை ஓர்ந்து பார்த்தால் அது குறையன்று, இலக்கணம் என்பது புலனாகும்.

முதற் கட்டத்தின் மயானத்திலே எதிர்ப்படும் பிணங்கள் மண்ணைப் பிளந்து எழுந்து ஒரே திசையில் நடக்கின்றன. காகங்கள் கல்லறைமீது அமர்ந்திருந்து, பின்னர் அலைபோல் ஏறியிறங்கிப் பறக்கின்றன. செடிகள் நின்ற இடத்தினின்றே எதையோ உமிழ்கின்றன. இவை ஒவ்வொன்றும் தத்தம் நியமத்தை நிறைவேற்றுவனவன்றி ஆதரின் செயலுக்கு விடையளிப்பனவல்ல. அவன் அங்கிருப்பதை அவை பொருட்படுத்துவதேயில்லை என்றுகூடச் சொல்லலாம். சிறிது பழகிய ஆட்டக்காரர் இவற்றை மனப்பாடஞ் செய்துவிடுகின்றார்.

அம்மயானத்தின் வழியே முன்னேறுமிடத்து, சிறகு மடக்கித் தரையில் வாளா இருக்கும் சிவந்த உருவமொன்று எதிர்ப்படுகின்றது. அதுவே ரெட் அரிமர். ஏனைய யாவும் அசைந்துகொண்டிருக்கும் உலகில் அசையாதிருத்தல் ஒன்றினாலேயே அது கவனத்தை ஈர்த்துவிடுகின்றது. ஆதர் நெருங்கியதும், அல்லது ஈட்டியை எறிந்ததும், விருட்டென மேலெழுகின்றது. எழுந்து, ஆதரின் ஈட்டி எட்டாத உயரத்திலே இங்குமங்கும் அலைந்து, வாயினின்று நெருப்புமிழ்கின்றது. பின் திடீரெனச் சரிந்து அவன்மீது பாய்ந்து, பாய்ந்த வேகத்திலேயே மறுபுறம் மேலேறிவிடுகின்றது. சிலவேளை தரையில் இறங்கி நடந்தும் வருகின்றது. ஈட்டியைக் கண்டு அது விலகுகின்றது என்பது ஆடியோர் அனைவரதும் அனுபவம்.

சூத்திரங்கள் அமையும் முறைகளுக்கு நம் இலக்கணகாரர் வகுத்த பெயர்கள் இவ்விடத்து நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. பிணங்களின் நடை ஆற்றொழுக்கு; ஆதரின் தாவல் தவளைப்பாய்த்து; இப்பேயின் பாய்ச்சல் பருந்தின் வீழ்வு. எஞ்சியுள்ள அரிமாநோக்கு என்பதும் ஒருவகையிற் பொருந்துவதே. உண்மையில் ‘அரிமர்’ என்ற பெயர் அவ்விளையாட்டின் நிரலாளருள் ஒருவரான தொஷியோ அரிமா என்பவரின் பெயரினின்றும் பிறந்தது. உடன் பணிபுரிவோர் தம்முள் ஒருவரைக் கேலிசெய்து இட்ட பெயர் ஒரு பேய்க்கு நிலைத்துவிட்டது. தமிழ்ச் செவிக்கு அது சிங்கத்தை உணர்த்துதல் தற்செயலான ஒலியொப்புமையேயன்றி வேறன்று. சொற்பிறப்பாராய்ச்சியில் ஆர்வமிக்க நண்பர்கள் இதனின்றும் முடிவெதனையும் பெறாதிருப்பாராக.

எமது பிரதான கருத்துக்கு வருவோம். ரெட் அரிமர் வலிமைமிக்க பகையென்பதனால் அஞ்சப்படவில்லை. அதனிலும் பருத்த பேய்கள் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் காத்திருக்கின்றன. அவற்றை ஆடுபவர் இவ்வளவிற்கு அஞ்சுவதில்லை. ஆதரால் இயலாதவற்றைத் தன் இயல்பாகக் கொண்டிருப்பதே இப்பேய் விளைக்கும் அச்சத்தின் தோற்றுவாய். அவனால் நடுவானில் திசைமாற இயலாது; அது வானிலேயே வாழ்ந்து நினைத்தவாறு திரும்புகின்றது. அவன் ஆயுதம் கிடைமட்டமாகவே செல்லும். அது சரிவாகவே வருகின்றது. பாய்ந்து இறங்கும்போது அவனது ஈட்டியின் மட்டத்தை அது கடக்கும் கணம் மிகச் சிறிது. அக்கணத்தை எதிர்பார்த்து, பின்வாங்கியவாறே திரும்பி எறிதல்வேண்டும். எனவே முன்னோக்கி ஓடி வெல்லும்படி ஆடுபவரைப் பழக்கிய விளையாட்டு, இவ்வோரிடத்தில் அவரை நின்று மற்றொருவரின் அசைவைக் கவனிக்குமாறு நிர்ப்பந்திக்கின்றது. எதிரே ஒரு மனம் இருக்கின்றது என்ற உணர்வு அப்போதுதான் பிறக்கின்றது. சிலவே ஆன விதிகளைக் கொண்டு, அக்காலத்து இயந்திரத்தின் சிறிய நினைவகத்துள் இவ்வுணர்வைத் தோற்றுவித்தமையை நான் ஓர் உண்மையான கலைச்சாதனை என்றே மதிக்கின்றேன்.

மாணவப் பருவத்தில் ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டுத் தொலைக்காட்சியில் இதனை ஆடியவேளை, அப்பேயைக் கண்டதும் நாங்கள் கட்டுப்பாட்டுக் கருவியை ஒருவர் கையில் ஒருவர் திணிப்போம். யாரும் தம் கையால் அதனை எழுப்ப விரும்பவில்லை. அதனைத் தூண்டுவது நாமே என்ற அறிவு அவ்வச்சத்தின் ஒரு பகுதியாக இருந்தது என்பதை இப்போது விளங்கிக்கொள்கின்றேன்.

இனி வணிகப் பண்டம் என்ற வாதத்தை நோக்குவோம். நாணயமிட்டு ஆடும் இயந்திரத்தின் வருவாய் ஆடுபவரின் தோல்வியிலேயே தங்கியுள்ளது. கடும்பகையை முதற் கட்டத்திலேயே நிறுத்தியமைக்கு அவ்வருவாயும் காரணம் என்பதை மறுத்தல் நேர்மையன்று. மேலும், கட்டங்கள் யாவற்றையும் கடந்து வென்றபின்னர், வெற்றி பேயின் சூழ்ச்சி எனக் கூறித் தொடக்கத்திற்கே திருப்பியனுப்பி, முழுவதையும் இரண்டாம் முறை ஆடச்செய்யும் அமைப்பும் அவ்விளையாட்டில் உண்டு. இதனை மன்னிக்க எனக்கு மனமில்லை. ஆனால் வருவாய்க் கணக்கு, பகை கடினமாக இருப்பதற்குக் காரணங் கூறுமேயன்றி, அது இவ்வகையிற் கடினமாக இருப்பதற்குக் காரணங் கூறாது. பிணங்களின் எண்ணிக்கையை இரட்டித்திருந்தாலும் அதே நாணயங்கள் சேர்ந்திருக்கும். மேலும், 1986 ஆம் ஆண்டு நின்ரெண்டோவின் வீட்டு இயந்திரத்திற்கு இவ்விளையாட்டு பெயர்க்கப்பட்டபோது நாணயத்திற்கு இடமேயிருக்கவில்லை. பேயோ தன் அச்சத்தோடு அங்கும் வந்தது. பொருளாதார அடித்தளத்தைச் சுட்டிக்காட்டியவுடன் விமரிசனம் முடிந்துவிட்டது எனக் கருதுவோர், இலக்கியத்திற் செய்யும் அதே தவறையே இங்கும் செய்கின்றனர்.

தொடரின் பின்னைய வளர்ச்சி எமது கருத்தை வேறொரு வழியால் வலியுறுத்துகின்றது. 1988 இல் வெளிவந்த ‘டாய்மக்கைமுரா’வில் ஆதர் மேல்நோக்கி எறியவும், தாவும்போது கீழ்நோக்கி எறியவும் கற்றுக்கொண்டான். விளையாட்டு அழகுபெற்றது, ஆனால் வானம் ஆதருக்கும் எட்டும் இடமாகிவிட்டமையின் அரிமரின் ஆட்சி அங்கே தளர்ந்தது என்பது என் மதிப்பீடு. 1991 இன் ‘சோமக்கைமுரா’வில் மேல்நோக்கி எறியும் ஆற்றல் மீளப் பறிக்கப்பட்டு, நடுவானிலே இன்னொருமுறை தாவும் ஆற்றல் அளிக்கப்பட்டது. தலைவனின் ஆற்றலில் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் எதிர்ப்பாத்திரத்தின் பொருள் மாறிவிடுகின்றது.

இவற்றிலும் பார்க்க வியக்கத்தக்கது 1990 ஆம் ஆண்டு கேம்போய் என்னும் கையடக்கக் கருவிக்கு வெளியான கிளைக்கதை. அதிலே ரெட் அரிமரே தலைவன். இத்தனை காலமும் நம்மைத் துரத்திய பேயை நாமே இயக்குகின்றோம். ஆனால் நம் கைக்கு வந்த பேயால் மேலேறிப் பறக்க இயலவில்லை! தாவியபின், அதே உயரத்தில், சிறகின் வலு தீரும்வரையே மிதக்க அதனால் முடிகின்றது. சுவரைப் பற்றி நிற்க அதற்குத் தெரியும். உமிழும் நெருப்பு ஆரம்பத்தில் அற்பமானது. கதை வளர வளரவே தாவலும் சிறகும் நெருப்பும் வலுப்பெறுகின்றன. பருந்தின் வீழ்வோ இறுதிவரை கிட்டுவதில்லை. அச்சுதந்திரத்தை நம்மிடம் முழுமையாக ஒப்படைத்திருந்தால் அதன்பின் எந்தப் பள்ளமும் முள்ளும் நமக்குத் தடையாயிருந்திரா என்பதை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர். 1985 இல் ஆதருக்கு மறுக்கப்பட்டது எதுவோ அதுவே இங்குப் பேய்க்கும் மறுக்கப்பட்டது. முதல் விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட எந்த விளக்கத்திலும் பார்க்க இக்கிளைக்கதையே அதற்குச் சிறந்த விமரிசனம் என நான் கருதுகின்றேன். பேயுலகத்துக் குடிகள் அதிலே தம் ஊர்களிற் கூடிப் பேசுகின்றனர். ஆதர் என்ற ஒருவன் அவர்களுக்குத் தேவைப்படவேயில்லை.

இக்கிளைக்கதை மேனாடு சென்றபோது நேர்ந்த பெயர்மாற்றம் வருந்தத்தக்கது. யப்பானியத் தலைப்பு ‘ரெட் அரிமர்’ என்ற பெயரையே முன்னிறுத்தியது. அஞ்சிப் பழகிய பெயரைத் தலைப்பிற் கண்டவர்க்கு அது ஓர் அதிர்ச்சி. ஆங்கிலத்திலோ தலைவன் ‘பயர்பிராண்ட்’ என்றும், அவனினம் ‘கார்கொயில்’ என்றும் ஆக்கப்பட்டு அத்தொடர்பு மறைக்கப்பட்டது. அமெரிக்கப் பெட்டியின் அட்டையில் அவன் பச்சை நிறத்தவனாகவே தீட்டப்பட்டான். கார்கொயில் என்பது ஐரோப்பியத் தேவாலயங்களின் கூரையோரத்தில் மழைநீரை வாயால் உமிழும் கற்சிலை. தொண்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் அப்பெயர் வந்தது. நீருமிழும் சிலையின் பெயரை நெருப்புமிழும் பேய்க்கு இட்டமை விந்தையே. எனினும் அசையாதிருந்து திடீரென உயிர்பெறும் கல் என்ற எண்ணம், மயானத்தில் வாளா அமர்ந்திருந்த அம்முதல் உருவத்திற்குப் பொருந்தாமலில்லை.

1992 இல் இதன் இரண்டாம் பகுதியும், 1994 இல் ‘டீமன்ஸ் கிரெஸ்ற்’ என ஆங்கிலத்தில் வழங்கும் மூன்றாம் பகுதியும் வந்தன. மூன்றாவது, சித்திரத்திலும் இசையிலும் ஏனையவற்றை விஞ்சியது. சோர்வும் இருளும் மிக்கது. அங்கே பேய் தளர்வின்றி மிதக்கின்றது; மேலேறிப் பறப்பதற்கோ காற்றின் ஆற்றலுடைய வேற்றுருவை எடுத்தல்வேண்டும். பிற்காலத்துப் போர் விளையாட்டுகள் சிலவற்றிலும் இப்பேய் தலைகாட்டியதுண்டு. அவை பழம்பெயரைப் பயன்படுத்திக்கொண்டன என்பதற்கு மேல் சொல்வதற்கு அதிகமில்லை.

2021 இல் புஜிவாரா மீண்டும் பொறுப்பேற்று ஆக்கிய ‘கோஸ்ற்ஸ் அன் கொப்ளின்ஸ் ரெஸரெக்ஷன்’ கதைப்புத்தகச் சித்திரம் போன்ற தோற்றத்துடன் வந்தது. ஆட்டத்தின் கடுமையை நான்கு நிலைகளாக வகுத்து, வேண்டியதைத் தெரிவுசெய்ய அதில் இடமளித்துள்ளனர். மிக எளிய நிலையில் ஆதர் வீழ்ந்த இடத்திலேயே உயிர்த்தெழுகின்றான். அந்நிலையில் ஆடியவேளை செம்பேய் எழுந்து பாய்ந்தது, நான் வீழ்ந்தேன், எழுந்தேன், மீண்டும் வீழ்ந்தேன், அதனை எப்போது கொன்றேன் என்பதே நினைவில் இல்லை. அடுத்த நாள் கடுமையான நிலையைத் தெரிந்து ஆடியபோது, அது சிறகு மடக்கி அமர்ந்திருந்த இடத்திற்குச் சற்று முன்னே ஆதரை நிறுத்தி, வெகுநேரம் எதுவுஞ் செய்யாது இருந்தேன்.